மிதிக்கக் கூடாத வாசல்

“இந்த மண்ணு அந்தாளு பெட்டிமேல விழாது, ஃபாதர். வேற பேச்சு இருந்தா பேசுங்க.”

கர்னல் போகுமில் தகர டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள்.

லண்டனில் கண்மூடும் எந்தப் போலந்துக்காரருக்கும் சொந்த நாட்டு மண் ஒரு பிடி உண்டு. அதைப் போடாமல் அடக்கம் நடந்ததில்லை. டப்பா, அவர்கள் சங்கத்தின் செயலாளரான கர்னலின் பொறுப்பு.

“செத்தவர்கிட்ட என்ன பகை, கர்னல்?” என்றார் பாதிரியார். “ஒரு காலத்துல நீங்களே அவரை ‘தூதரே’ன்னு வாய் நிறையக் கூப்பிட்டவர்தானே?”

கூப்பிட்டார்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன் லிஸ்பனில் போலந்தின் தூதராக இருந்தவர் ருட்ஸ்கி. நாடு போனபின் லண்டன் ஓட்டலில் வெள்ளிக் கரண்டி துலக்கினார். ஆனாலும் மாலையில் அவர் சங்கத்துக்குள் நுழைந்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். ரொட்டிக் கடையில் மாவு மூட்டை சுமக்கும் கர்னல்தான் முதலில் எழுவார். பதவி போனால் போகட்டும், மரியாதை போகலாமா?

அப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வாசலை மிதித்துவிட்டார். வார்சாவில் ரஷ்யா உட்காரவைத்த அரசின் லண்டன் தூதரகம்! அதை அரசென்றே ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றுதானே இவர்கள் எல்லோரும் ஊர் திரும்பாமல் கிடக்கிறார்கள்?

“ஏன் போனீங்க?” என்று சங்கமே கேட்டது. ருட்ஸ்கி வாய் திறக்கவில்லை.

அன்றோடு ‘தூதரே’ போயிற்று. யாரும் எழவில்லை, கைகுலுக்கவில்லை. அவரை ஒதுக்கிவைக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் கர்னல். கிறிஸ்துமஸ் இரவு, வழிதவறி வரும் எவனுக்கும் என்று போட்டுவைக்கும் காலி நாற்காலியில்கூட அவரை உட்கார விடவில்லை. பாவம், கிழவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.

“அந்தக் கும்பல்கிட்ட போய்க் குனிஞ்சவன், ஃபாதர்! நானும்தான் பெத்த பொண்ணை அங்க விட்டுட்டுப் பதினஞ்சு வருஷம் தவிச்சேன். எவன் கால்லயாவது விழுந்தேனா? மாதாகிட்ட அழுதேன். அவ கண்ணைத் திறந்தா, என் கிங்கா வந்து சேர்ந்தா!”

பக்கத்தில் நின்ற கிங்கா கையை நீட்டினாள். டப்பாவில் இருந்த மண்ணே அவள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்ததுதான்.

“குடுங்கப்பா, நான் போடறேன்.”

“துரோகிக்கா? தொடாதே!”

பாதிரியார் பெருமூச்சு விட்டு ஜெபத்தை முடித்தார். குழி மூடப்பட்டது. எல்லோரும் கலைந்தார்கள். கிளம்பிய அப்பாவைக் கிங்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்னை நாட்டை விட்டு வெளிய விடச்சொல்லிக் கேக்கத்தான்ப்பா அவர் அந்த வாசல் ஏறினார்.”



“ஏம்மா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சத்தியம் வாங்கிட்டாரே. ‘நான் மண்ணுக்குள்ள போறவரைக்கும் மூச்சு விடாதே. உங்கப்பா ரோஷக்காரர். தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்பிடுவார்’னு சொன்னார்.”

கர்னல் டப்பாவைத் திறந்தார். அவசரத்தில் பாதி மண் புல்லில் சிந்தியது.

“தூதரே...”

எழுந்து நின்று சொல்லிவந்த வார்த்தையை, அன்று அவர் முழங்காலில் விழுந்து சொன்னார்.