மக்குத் திருடன்

"குடும்பக் குரூப்புக்கு எதுக்குங்க உங்க ஆபீஸ் சமாச்சாரம்? உங்க தங்கச்சி பயந்துபோய் கதவைத் தாழ் போட்டுட்டு உட்கார்ந்திருக்கா!"

கணவர் ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே சிரித்தார். ஆபீஸ் சர்வருக்குள் யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்த்தால் உடனே போனுக்குச் செய்தி வரும்படி ஏற்பாடு செய்திருந்தார். ஆபீஸ் குரூப்போடு, கை தவறிக் குடும்பக் குரூப்பையும் சேர்த்துவிட்டார். வாசகமும் அவருடையதுதான்: 'எவனோ பூட்டை ஆட்டுறான். பயப்படாதீங்க, நான் இருக்கேன்.'

"சாயங்காலம் வந்து மாத்திடறேன், விடு."

சாயங்காலம் அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது.

அழுது ஓய்ந்து, சொந்தபந்தமெல்லாம் அவரவர் வீடு திரும்பிய பிறகு, அவருடைய வேலையை ஏற்றுக்கொண்ட சக ஊழியர் ஒருநாள் வந்தார்.

"அக்கா, அந்தச் செய்தியை உங்க குரூப்லேருந்து எடுத்துடறேன். ஒரு திருடன் தினமும் பொழுது சாயறப்ப வந்து உயிரை வாங்கறான். உங்களுக்கும் தொல்லை."

"எப்படிப்பட்ட திருடன்?"

"வடிகட்டின மக்கு! எப்பவும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் தப்பு. ஒரு தடவை தட்டிட்டு ஓடிடறான். இவனெல்லாம் திருடி என்னிக்கு முன்னேறப் போறான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் உங்களை மாதிரி மூளையோட பிறக்க முடியுமா?"

"திருடனுக்குப் போய் வக்காலத்து வாங்கறீங்களே!"

"எடுத்துட்டா அந்தச் செய்தி என்ன ஆகும்?"

"ஆபீஸுக்கு மட்டும் வரும். வாசகத்தையும் முறையா மாத்தி எழுதிடுவேன்."

காலி டம்ளரை வாங்கப்போன அவள் கை பாதியில் நின்றது.

"வேண்டாம் தம்பி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். துணையா இருக்கு."

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு டம்ளரைத் தானே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார்.

"சரிக்கா. அந்த மக்கு சலிச்சுப்போற வரைக்கும் இருக்கட்டும்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கணவரின் லேப்டாப்பைத் திறந்து, ஆபீஸ் சர்வருக்குள் நுழையும் பக்கத்தில் வழக்கம்போல் தன் பெயரையே பாஸ்வேர்டாகத் தட்டினாள்.

போன் சிணுங்கியது. 'எவனோ பூட்டை ஆட்டுறான். பயப்படாதீங்க, நான் இருக்கேன்.'

மறுநொடியே அதன் கீழே நாத்தனாரின் பதில் வந்து விழுந்தது: 'ஏன் அண்ணி, இன்னிக்கு இவ்வளவு லேட்டு?'