பொன்னாடைக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் முகம்
டொரொண்டோ ஓவியக்கூடத்தின் மங்கலான அறையில் கண்காட்சியின் கடைசிப் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மன்காரர் ஒருவர் இரும்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்சிட்ட, தொப்பி போட்ட உள்ளங்கையளவு முகமொன்றைப் பார்க்க, அச்சுக்கலை படிக்கும் அட்சயா பூதக்கண்ணாடியோடு மிசிசாகாவிலிருந்து வந்திருக்கிறாள். அதை மறைத்துக்கொண்டு நிற்கிறார் தமிழ்ச் சங்கத் தலைவர் சண்முகநாதன். கலைச் சுற்றுலாவுக்குத் தலைமை தாங்கியதற்காக அவருக்கு அங்கேயே பொன்னாடை போர்த்துகிறார்கள். போட்டோ சரிவரவில்லையென்று கழற்றி, மூன்றாம் தடவையும் போர்த்துகிறார்கள். சரிகை மினுங்குகிறது. காவலாளி மணிக்கூட்டைப் பார்க்கிறார். “அங்கிள், கொஞ்சம் விலகேலுமோ? நான் அந்த முகத்தைப் பாக்கவேணும்.” “நாளைக்கு பேஸ்புக்கிலை வடிவாப் பாக்கலாம் பிள்ளை. இப்ப வாங்கோ, நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ.” கமரா மின்னுகிறது. காவலாளி வாசலைக் காட்டுகிறார். எடுத்த படத்தைக் காட்ட நீட்டப்பட்ட போனில் அட்சயா அந்த முகத்தைத் தேடுகிறாள்: தலைவரின் காதுக்குப் பின்னால், ஜெர்மன் தொப்பியின் நுனி மட்டும் தெரிகிறது.