கடைசியாகச் சேர்த்த ரூல்

"அதுக்காக இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியா? நல்லா இருக்குன்னும்தான சொன்னேன்!"

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் ஸ்வேதா பென்சிலால் மேசையைத் தட்டினாள். எதிரே சுரேந்திரன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். நாலு குறை சொன்னதற்கா இவ்வளவு என்று அவளுக்கே பாவமாகிவிட்டது.

டைஸ் உருட்டி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, கதைக்குள் புகுந்து ஆடும் விளையாட்டு. அதற்கான ரூல் புத்தகத்தை மூன்று வருடமாக அவன் எழுதினான், அவள் ஆடிப் பார்த்துத் திருத்தினாள். இன்று சாயங்காலம் அது கோயமுத்தூர் அச்சகத்துக்குப் போகிறது. புத்தகம் கைக்கு வந்ததும் அவள் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"பனி எறங்குற ரூல் இருக்கே, சான்ஸே இல்லடா. மேப்பை மூடிட்டு, சத்தத்தை வெச்சே வழி கண்டுபிடிக்கணும். நம்மூர்க்காரனுக்குத்தான் அது தோணும்."

"ம்."

"ஆனா மந்திரமெல்லாம் ரொம்ப நீளம். ஒருத்தன் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு மலையிறங்கி பர்லியாரே தாண்டிரும். வைத்தியச்சி பாவம், ரெண்டே அடியில செத்துப் போறா. அவளுக்கு உசுரு கூட்டு."

"கூட்டிடறேன்."

ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நிற்கிறவன் அவன். தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த கூலியில் படித்து, வெலிங்டனில் ஆபீஸ் வேலை வாங்கியவனுக்கு விட்டுக்கொடுக்கவே தெரியாது என்று அவள் எப்போதும் கேலி செய்வாள்.

"நேத்து எங்க ஊட்டுக்கு வந்தியாமா? நான் வர்றதுக்குள்ள கெளம்பிப் போக என்ன அவசரம்?"

"பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். அச்சடித்த தாள்களுக்கு நடுவே கையால் எழுதிய ஒரு தாள்.

"இதென்னடா புதுசா? போன வாரம் இல்லையே." சத்தமாகவே படித்தாள். "'அடிவாரக் கூட்டத்தான் எத்தனை லெவல் ஏறினாலும், எத்தனை அரக்கனைக் கொன்றாலும், கோட்டை வாசலைத் தாண்ட முடியாது. பிறப்பை எந்த டைஸும் மாற்றாது.'"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புக்குலயே மட்டமான ரூல் இதான்! உசுரக் குடுத்து மேல ஏறி வந்தவனை வாசல்லயே நிறுத்துனா அப்புறம் எவன்டா ஆடுவான்? எந்த லூசு யோசிச்சுது இதை?"

அந்த வரிகளை அடித்துவிடப் பென்சிலை வைத்தாள். சுரேந்திரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்கப்பாதான். நேத்து நான் முன்னாடியே வந்து பொண்ணு கேட்டப்போ... நீ என்ன சொல்ற, ஸ்வேதா?"