யானை இல்லாத எழுபத்திரண்டு

"அப்பிடியெண்டா மச்சான், லண்டனுக்குக் கிட்ட உள்ள மிருகக்காட்சிசாலையில பாலூட்டி எழுபத்திரண்டு வகை இருக்கு, இங்கிலாந்தின்ர வடக்கில உள்ளதில யானையோட சேத்து ஐம்பத்தெட்டுத்தான். ஆனா அந்த எழுபத்திரண்டில யானை இல்ல," எண்டு அர்ஷாக் ஃபோனில சொல்லுறான். லண்டனில இருக்கிற ஸஜாத், மகளை எந்த மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டு கேட்டதுக்கு, ரெண்டு நாளா லிஸ்ற் பாத்துப் பிடிச்ச கணக்கு அது. அர்ஷாக் நிக்கிறது முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில, விடியக்காத்தால யானை உழக்கிப்போட்ட கச்சான் கடலைத் தோட்டத்துக்குள்ள. வனவிலங்குக் கந்தோரில குடுத்த யானைவெடி மூண்டையும் கொளுத்தியும், அது காதை ஆட்டி ஆட்டித் திண்டுபோட்டுத்தான் போனது. காலடிக் குழியில கலங்கின தண்ணிக்கு மேல வெயில் மினுங்குது. அவன்ர அக்கா, ஸஹீலா ராத்தா, முத்தாத கச்சானைப் பிடுங்கி, மண்ணைத் தட்டிக் கடகத்துக்குள்ள போடுறா. "அங்கத்தைய மிருகம் எண்ணினது காணும், இஞ்ச மிஞ்சின கண்டை எண்ணடா," எண்டுறா. காணி ஸஜாத்தின்ர, பயிர் செய்யிறது அர்ஷாக். இந்தப் போகமும் பிழைச்சா காணியை வித்துப்போடுவன் எண்டு ஸஜாத் சொன்னவன். "சரி, தோட்டம் எப்பிடியடா?" எண்டு ஸஜாத் கேக்கிறான். அர்ஷாக் ஒரு கண்டை நிமித்திவிடுறான், அது திரும்பவும் சாயுது. "பிள்ளையை யானை உள்ளதுக்கே கூட்டிக்கொண்டு போ மச்சான்," எண்டுறான். நீங்களெண்டா என்ன சொல்லியிருப்பியள், சொல்லுங்கோ பாப்பம்?