முந்நூறு ஆயுதங்கள்

பக்கத்து வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்த தம்பதியிடமிருந்து இதுவரை ஒரு சண்டைச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்பது கற்பகவல்லிக்குப் பெரிய மனக்குறை. புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரு டம்ளராவது உருள வேண்டாமா? உறைமோர் கேட்கும் சாக்கில் உள்ளே போனவள், டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். திரையில் புனிதா என்று பெயர் போட்ட பொம்மை, தயாளன் என்று பெயர் போட்ட பொம்மையைக் கோடாரியால் வெட்டிக்கொண்டிருந்தது. நிஜப் புனிதாவும் நிஜத் தயாளனும் சோபாவில் தோளோடு தோள் இடித்தபடி வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க சண்டையெல்லாம் இதுலதான்க்கா. கோடாரின்னா எங்கம்மா வந்துட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம்,” என்றான் தயாளன். “நகைப் பேச்சு வந்தா பீரங்கி.”

“ஒரே துப்பாக்கியா இருந்தா என்னைக்கோ சலிச்சிருக்கும்க்கா. இதுல முந்நூறு ஆயுதம் இருக்கு,” என்று புனிதா சிரித்தாள்.

கற்பகவல்லிக்கு வாய் சும்மா இருக்குமா? “மாமியார் மறுபடி எப்போ வர்றாங்க?”

“ஞாயித்துக்கிழமைக்கா. இனிமே ஒரேயடியா இங்கதான்,” என்ற தயாளன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

புனிதாவின் சிரிப்பு நின்றது. அவள் ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வாள், வில், பீரங்கி, எதிலும் கை நிற்கவில்லை. கடைசியில் அவளுடைய பொம்மை கோடாரியையும் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு மெதுவாக நடந்து வந்தது.

தயாளன் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தான். “புனிதா, ஏதாவது ஒண்ணு எடும்மா.”

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, அவனைப் பார்த்தாள்.

“அடியே,” என்று கத்தினாள் கற்பகவல்லி, “அந்தப் பீரங்கியையாவது எடுத்துக்கடி!”