தண்ணீர் தெரிகிற ஜன்னல்

ஏரியைப் பார்த்த ஜன்னலருகே அப்பாவின் சக்கர நாற்காலியை மகன் நிறுத்துகிறான். வெளியே வெட்டும் இயந்திரம் உறுமுகிறது. பத்து வருடம் முழங்கால் சேற்றில் நின்று அவர் கரை நெடுக வளர்த்த நாணல் கொத்துக் கொத்தாகச் சாய்கிறது. கூடு இருந்த இடத்தை நீர்க்கோழி ஒன்று சுற்றிச் சுற்றி நீந்துகிறது. "நாளைக்கு வீட்டை வாங்க ஆள் வர்றாங்கப்பா, தண்ணி தெரியணும்ல. மிச்சத்தையும் வழிச்சிடலாமா?" பக்கவாதத்தில் பேச்சு போனவருக்கு ஒரு விரல்தான் மிச்சம், ஒருமுறை தட்டினால் சரி, இருமுறை தட்டினால் வேண்டாம். கைப்பிடியில் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார், நகம் வெளுக்கிறது. "என்னங்க, மாமா வேண்டாங்கறார்," என்கிறாள் மருமகள். "தெரியும்," என்கிறான் மகன். அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் பதமாகச் செருகிவிடுகிறான்.