ரம்பம்

அந்த ஆளை யாராவது பிடித்து உட்கார வைக்க மாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

சபையின் பார்வையாளர் பெஞ்சில் அவளும் நாத்தனாரும் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ரம்பம். சும்மா ஒன்றும் வைக்கவில்லை என்று இப்போதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். வருமான வரம்பே வேண்டாம், எல்லாக் குழந்தைகளுக்கும் வைத்தியச் செலவை அரசே ஏற்கட்டும் என்று ஆளுங்கட்சி தீர்மானம் கொண்டுவந்திருந்தது. வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும் என்றது எதிர்க்கட்சி. எதிர்த்துக் கை தூக்காதவனுக்குக் கட்சியில் இடமில்லை என்று தன் ஆட்களுக்கு உத்தரவும் போட்டிருந்தது. ஐந்து மணிக்குக் கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் ஓட்டெடுப்பு நடக்காவிட்டால் தீர்மானம் அம்பேல். இனி தேர்தல் முடிந்துதான் பேச்சு.

"கவலைப்படாதீங்க அண்ணி. ஒரே ஒரு ஓட்டுன்னாலும் நமக்குத்தான் கூட" என்றாள் நாத்தனார். தினமும் பேப்பர் படிக்கிறவள்.

கவலைப்படாமல் எப்படி இருப்பது? தையல் தொழிற்சாலையில் போன வருஷம் அவளைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வீடே குதித்தது. சம்பளம் துளி ஏறியது, வரம்பைத் தாண்டியது, மகளின் மருத்துவ அட்டையை ரத்து செய்துவிட்டார்கள். மேனேஜரிடம் போய், ஏற்றின சம்பளத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார் அவர்.

மகளுக்கு மூச்சிரைப்பு. இரண்டு தடவை இழுக்க வேண்டிய இன்ஹேலரை ஒரு தடவையோடு நிறுத்தப் பிள்ளையைப் பழக்கியிருந்தாள். பெற்ற தாய் பழக்கக்கூடிய பழக்கமா அது? பிள்ளை தூங்கும்போது நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.

பேச எழுவதற்கு முன்னால் ரம்பம் போனும் காதுமாக வெளியே போய்விட்டு வந்ததை அவளே பார்த்திருந்தாள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கும், ஐந்து மணி வரைக்கும் இழுத்தடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நாத்தனார் காதைக் கடித்தாள்.

இழுத்தார் மனுஷன். பணத்துக்கு எங்கே போவது என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரி பெஞ்சுகளின் உயரத்துக்குத் தாவி, அங்கிருந்து சபையின் மின்விசிறிச் சத்தத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், வாசலைப் பார்த்தார். பிறகு, சுருக்கமாகச் சொல்கிறேன் என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆளுங்கட்சிக்காரர்களோ ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவளுக்கு வயிறெரிந்தது. மணி நாலரையைத் தாண்டியபோது அவளால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"போதும்யா, உட்காருங்க. அங்க பிள்ளைங்க மூச்சு விட முடியாம கிடக்குதுங்க."

காவலர் ஓடிவந்து அவள் தோளை அழுத்தினார். நாத்தனார் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். ஆனால் கத்தினதற்குப் பலன் இருந்தது. சபைத் தலைவர் மேஜையைத் தட்டி, உறுப்பினர் முடித்துக்கொள்ளலாம், உடனே ஓட்டெடுப்புக்குப் போகலாம் என்றார்.

ரம்பம் அண்ணாந்து அவளைப் பார்த்தார். முறைப்பார் என்று நினைத்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. கொஞ்சம் பயந்த மாதிரிகூட இருந்தது.

"தலைவர் ஐயா, ஒரு நிமிஷம் கொடுங்க. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாம உட்கார்ந்தா மரியாதை இல்லை" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

தலைவர் பெருமூச்சோடு தலையாட்டினார். அந்த ஒரு நிமிஷம் ரப்பராக நீண்டது. தொண்டை கட்டிக் குரல் கரகரத்தபோதும் விடவில்லை. கடிகார முள் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆளுங்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருத்தி ஓடிவந்தாள். தலை கலைந்திருந்தது. தோளில் குத்தியிருந்த ஆஸ்பத்திரி பாஸைக்கூட எடுக்கவில்லை. முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் வந்து விழுந்தாள்.

"ஆகவே இந்த மின்விசிறிகள்..." என்று சொல்லிக்கொண்டிருந்த ரம்பம், வாக்கியத்தை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ரம்பம் எதிர்த்துத்தான் கை தூக்கினார். தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. நாத்தனார் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

வெளியே வராந்தாவில் ரம்பம் தொண்டையைத் தடவிக்கொண்டு நடந்து போனார். அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்குப் பின்னாலேயே வந்த பெண் உறுப்பினரின் கையைத்தான் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. அந்த ரம்பத்தை உட்கார வைக்கணும்னுதான் நான் கத்தினேன்."

"ஐயையோ, யாரோ கத்தினாங்கன்னு உள்ளே சொன்னாங்களே, அது நீங்கதானா?" பெண் உறுப்பினர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எம் பொண்ணுக்கு மூச்சுத் திணறி ஆக்சிஜன் வச்சிருந்தாங்க. என் ஒரு ஓட்டு இல்லாம தீர்மானம் தோத்துடுமேன்னு, அவளை அப்படியே விட்டுட்டுக் கிளம்பப் பார்த்தேன். அப்பதான் அவர் எப்படியோ கேள்விப்பட்டு போன் பண்ணினாரு. 'கட்சியை மீறி என்னால கை தூக்க முடியாதும்மா. ஆனா பேச முடியும். பிள்ளைக்கு மூச்சு சீரானதும் வா. அதுவரைக்கும் யார் என்ன திட்டினாலும் நான் உட்கார மாட்டேன்'னாரு."